திக்குதா, விக்குதா?

ஸ்ட்ரீட்லி மேட்டில்தான் முதல் தடவை வந்தது. தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் ஸ்ட்ரீட்லி. அங்கே சிக்னலில் திரும்பியதும் சாலை சட்டென்று செங்குத்தாக ஏற ஆரம்பிக்கும். இரண்டாவது கியரில் வேகம் எடுத்து, மூன்றாவதுக்கு மாற்றி, ஆக்சிலேட்டரை மிதித்தேன். இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை இறக்கினால் தரை வந்துவிடுமே, அப்படி இருந்தது. மிதித்ததற்கு வண்டியிடமிருந்து பதில் வரவில்லை. ஒரு உதறல், உடனே இன்னொரு உதறல். பிறகு எதுவுமே நடக்காததுபோல் மேடு ஏறிவிட்டது. பின்னால் வந்த வேன் இரண்டு முறை விளக்கைப் போட்டு அணைத்தது.

அது 2021 அக்டோபர். வண்டி 1969-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். கூரையை மடித்து வைத்துக்கொண்டு ஓட்டும், இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு மூன்று வருஷம் முன்பு, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் வாங்கியது. நான் இருப்பது டிட்காட்டில். இந்தக் காரைச் செய்த ஆபிங்டன் தொழிற்சாலை இருந்த இடம் என் வீட்டிலிருந்து இருபது நிமிஷ ஓட்டம். 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி.க்கள் அங்கிருந்து வெளியே வந்தன. 1980 அக்டோபரில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள்.

வாங்கப் போன அன்று அந்த ஆசிரியர் வண்டியின் நீளத்தையும் அழகையும் பற்றிச் சொல்லிக்கொண்டே பானெட்டைத் தூக்கினார். அதற்கப்புறம் அவர் சொன்ன எதையும் நான் கேட்கவில்லை. எனக்கு அந்த எஞ்சினைத் தெரியும். இடது பக்கம் கார்புரேட்டர். வலது பக்கம் வரிசையாக நான்கு பிளக், அவற்றுக்குக் கீழே சாய்ந்து நிற்கும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிப்யூட்டர். மேலே தகர மூடி, இரண்டு நட்டு. கும்பகோணம் ரயில்வே ஸ்டேஷன் டாக்ஸி ஸ்டாண்டில் அப்பா ஓட்டிய அம்பாசிடர் மார்க் 3-இல் இருந்தது இதே எஞ்சின்தான். அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற காரிலிருந்து வந்தது, எம்.ஜி. என்பதே மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். இரண்டிலும் இருப்பது பி சீரிஸ் என்ற ஒரே குடும்பத்து எஞ்சின். அம்பாசிடரில் அது 1489 சி.சி., இதில் 1798 சி.சி. அதற்கு ஒரு எஸ்.யு. கார்புரேட்டர், இதற்கு இரண்டு. ஒன்று ஹூக்ளி ஆற்றங்கரை உத்தர்பாராவில் கல்யாண கோஷ்டிகளைச் சுமப்பதற்காகப் பிறந்தது. மற்றது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களுக்காகப் பிறந்தது. ஆசிரியர் ஸ்டார்ட் செய்து காட்டினார். சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய இருமல் காதில் விழுவதுபோல் இருந்தது அந்தச் சத்தம். விலை பேசாமல் வாங்கினேன்.

ஆகவே இந்த வண்டி உதறியபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, கவலைதான்.

அந்த வருஷம் செப்டம்பரில்தான் பிரிட்டனின் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் ஈ10 ஆக மாறியிருந்தது. பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களை அது அரிக்கும், கலவையையும் சற்று மெலிதாக்கும். நான் அதைப் போடவே இல்லை. விலை கூடுதலான சூப்பரைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழுந்தது. எங்கேயாவது பங்க்கில் தப்பான குழாயை எடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்ததால் எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பெட்ரோல் குழாய்களை மாற்றினேன். ஃபில்டரை மாற்றினேன். பிளக் நான்கையும் கழற்றிப் பார்த்தேன். முனைகள் வறுத்த மல்லி நிறத்தில் இருந்தன. அது ஆரோக்கியத்தின் நிறம். பெட்ரோல் அதிகமானால் கரி படியும், குறைந்தால் வெளுக்கும். இவை ஒரு குறையும் சொல்லவில்லை. இருந்தும் புதிதாக நான்கு பிளக் போட்டேன். கையோடு, தீப்பொறிக்காக மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் சி.பி. பாயிண்டையும், அதன் துணையான கண்டென்சரையும் மாற்றினேன். ஐந்து காரியம், ஒரே நாளில்.

மறுநாள் ஞாயிறு. ஸ்ட்ரீட்லி மேட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு ஏறியது. உதறலே இல்லை. சரியாகிவிட்டது என்று நம்பினேன். ஐந்தில் எது சரி செய்தது என்று எனக்குத் தெரியாது என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, வாண்டேஜ் போகும் வழியில் ஒரு ரவுண்டானாவிலிருந்து வெளியேறி மிதித்தபோது, பழைய உதறல் இன்னும் கூர்மையாக வந்தது.

அடுத்த சந்தேகம் கார்புரேட்டர். எஸ்.யு. கார்புரேட்டரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. ஸ்கின்னர் என்ற குடும்பம் லண்டனில் செருப்புக் கடை நடத்தியது. அந்த வீட்டுப் பிள்ளைகள் 1900-களின் தொடக்கத்தில் செய்த கருவி அது. ஆரம்ப காலத்தில் அதனுள் இருந்தது தோல் துருத்தி. பிறகுதான் உலோக பிஸ்டன் வந்தது. எஞ்சின் எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறதோ அந்த அளவுக்கு பிஸ்டன் தானே மேலே எழும். அதன் அடியில் தொங்கும் கூம்பு ஊசியும் கூடவே எழுந்து பெட்ரோலுக்கு வழி விடும். மற்ற கார்புரேட்டர்களில் சட்டென்று மிதிக்கும்போது கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு சின்ன பம்ப் இருக்கும். இதில் கிடையாது. அதற்குப் பதில், பிஸ்டனின் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் நிற்கும், அதில் ஒரு டேம்பர் மூழ்கியிருக்கும். மிதித்ததும் பிஸ்டன் துள்ளி எழப் பார்க்கும். எண்ணெய் அதைப் பிடித்து மெதுவாக விடும். அந்த ஒரு கணம் காற்றின் வழி குறுகலாகவே இருப்பதால் அதன் வேகம் கூடும், பெட்ரோல் கொஞ்சம் அதிகமாக உறிஞ்சப்படும். எண்ணெய் வற்றிவிட்டால் பிஸ்டன் துள்ளிவிடும், வெறும் காற்றுதான் உள்ளே போகும், மிதித்த கால் பள்ளத்தில் விழும்.

என் வண்டிக்கு வந்திருப்பது இதேதான் என்று நினைத்தேன். டேம்பரின் மூடியைத் திருகி எடுத்தேன். திரும்ப இறக்கும்போது, மூடி அமர்வதற்கு சுமார் ஆறு மில்லிமீட்டர் முன்பே எண்ணெய் எதிர்ப்பது விரலுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தது. இரண்டிலும் எண்ணெய் சரியாக இருந்தது. விரலால் பிஸ்டனைத் தூக்கி விட்டேன். 'டக்' என்று சுத்தமாக விழுந்து அமர்ந்தது. ஒரு ரப்பர்க் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் பிடித்து, காற்று போகும் சீற்றத்தை ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே சுருதி.

ஆனாலும் விட மனமில்லாமல் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். த்ராட்டில் அச்சுகள் தேய்ந்து, ஓரத்தில் காற்று கசிகிறது என்றார்கள். உண்மைதான், காட்டினார்கள். மாற்றிக் கொடுத்தார்கள். ஐடிலிங் முன்பைவிட அமைதியானது. உதறல் அப்படியே இருந்தது.

அப்பாவிடம் அதுவரை சொல்லவில்லை. காரணம் உண்டு. 2017-லிருந்து அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. 2020-இல் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். எஞ்சின் சத்தத்தை வைத்தே, தெருமுனையில் வரும்போது எந்த வண்டி, எந்த சிலிண்டர் என்று சொன்ன மனிதர் அவர். அவரிடம் போய், என் வண்டிக்கு உடம்பு சரியில்லை, கேளுங்கள் என்று போனை நீட்ட எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் பேசிக்கொள்வது அப்போது இப்படித்தான்: நான் வாட்ஸ்அப்பில் தமிழில் எழுதுவேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். பதிலைப் பேசி அனுப்புவார். தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகப் பேசுவார்.

நவம்பரில் ஒரு ராத்திரி எழுதிவிட்டேன். "வண்டி மேட்டில் தயங்குதுப்பா. என்னென்னவோ மாத்திட்டேன், போகல."

பதில் உடனே வந்தது.

"தயங்குறது மனுஷன். வண்டி தயங்காது பாப்பா. என்ன பண்ணுதுன்னு சொல்லு. திக்குதா, விக்குதா, முக்குதா, இளைக்குதா?"

அந்த நான்கு சொல்லையும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவ்வளவு நாள் எல்லாவற்றுக்கும் ஹெசிடேஷன் என்ற ஒரே சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது நான்கு வெவ்வேறு நோய். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். அவர் பேசிய ஏழெட்டுச் செய்திகளிலிருந்து நான் புரிந்துகொண்டது இது.

விக்கல் என்றால், மிதித்த அந்த நொடியில் ஒரே ஒரு தடவை. சில சமயம் கார்புரேட்டர் வாய் வழியாகத் தும்மும். அப்புறம் தெளிந்துவிடும். காற்று முந்திக்கொண்டு பெட்ரோல் பிந்தினால் விக்கல். டேம்பரில் எண்ணெய் இல்லை, எங்கோ காற்று கசிகிறது என்று அர்த்தம். முக்கல் என்றால் உதறலே இருக்காது; சுமை தூக்கியவன் மாதிரி மேடு முழுக்கத் திணறும். டைமிங் பின்னால் போயிருக்கும், இல்லை பிரேக் ஒட்டிப் பிடித்திருக்கும், இல்லை கம்ப்ரஷன் போயிருக்கும். இளைப்பு என்றால் முதலில் நன்றாக ஓடும், ஓட ஓட மூச்சு வாங்கும், ஓரமாக நிறுத்திக் கொஞ்சம் ஆசுவாசப்படுத்தினால் மறுபடி ஓடும். அது பெட்ரோல் வந்து சேராத நோய்.

இளைப்பு எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பதினொரு வயது. கத்திரி வெயிலில் ஒரு பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போனோம். முன் சீட்டில் அப்பாவுக்கும் ஒரு மாமாவுக்கும் நடுவில் நான். கொள்ளிடத்தின்மேல் அணைக்கரையில், அந்தக் குறுகலான பாலத்தின் நடுவில், வண்டி இளைத்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன. அப்பா அவசரப்படவில்லை. தோளில் கிடந்த துண்டைக் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்து, பெட்ரோல் பம்ப்பின்மேல் சுற்றினார். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி பம்ப்புக்குள் அடைத்துக்கொண்டிருந்தது. சில நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. அந்த ஈரத் துண்டோடுதான் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

நான்காவது திக்கல். "பேச்சு நடுவுல அறுந்து அறுந்து வரும்ல, அந்த மாதிரி. சுவிட்சைப் போட்டு அணைச்ச மாதிரி இருக்கும். அது கரண்ட்டு. பெட்ரோல் எப்பவும் மெல்லத்தான் சாகும் பாப்பா, கரண்ட்டுதான் பட்டுனு சாகும்."

என் வண்டியுடையது எது? எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரியவில்லை என்பது தெரிந்தது. எத்தனை தடவை உதறியது, ஒன்றா, இரண்டா? மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா? கூர்மையாகவா, மழுங்கலாகவா? வந்த உடனே பயந்து போய், சரி செய்வதைப் பற்றி யோசித்தேனே தவிர, என்ன நடந்தது என்று ஒரு தடவைகூடக் கவனிக்கவில்லை. காது கேட்கிற ஒருவரிடம் போனைப் பிடித்துக் காட்டியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

கேட்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று எழுதினேன். அதற்கு அவர் சொன்னதை இன்னமும் போனில் வைத்திருக்கிறேன். "கேக்காத. ஸ்போர்ட்ஸ் கார்ல ஏகப்பட்ட முள்ளு இருக்குமே. அதைப் பாரு. காது கேக்காதவ மாதிரி ஓட்டு."

அடுத்த நாள் காலை, சாலையில் யாரும் இல்லாத நேரம், காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஸ்ட்ரீட்லி மேட்டில் மூன்று தடவை ஏறினேன். முதல் இரண்டு தடவை ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது தடவை மிதித்த அந்தக் கணம், ஆர்.பி.எம். மீட்டரின் முள் வெட்டுப்பட்டதுபோல் கீழே விழுந்து, துள்ளி, மறுபடி விழுந்து, பழைய இடத்துக்கு வந்து நின்றது. வண்டியின் வேகமோ குறையவே இல்லை.

உடனே வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். கை நடுங்கியது, சந்தோஷத்தில். இந்த வண்டியில், தீப்பொறியை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் மின்சாரம் ஆர்.பி.எம். மீட்டரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பாயிண்ட் திறந்து திறந்து மூடும்போது மின்சாரத்தில் உண்டாகும் துடிப்புகளைக் கொண்டுதான் முள் நிற்கும். பெட்ரோல் வராமல் எஞ்சின் தடுமாறினாலும், சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், பாயிண்ட் துடித்துக்கொண்டே இருக்கும், முள் எஞ்சினோடு சேர்ந்து மெல்ல இறங்கும். எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் மட்டும் தடாலென்று விழுகிறது என்றால், துடிப்பே நின்றுவிட்டது என்று அர்த்தம்.

"திக்குதுப்பா" என்று எழுதினேன்.

"சரி. இனிமே பெட்ரோல் பக்கமே போகாத. டிஸ்டிரிப்யூட்டர்ல வேக்கம் குழாய் இருக்குல்ல, அதைக் கழட்டி வாயை அடைச்சிட்டு ஓட்டிப் பாரு. அது ஒண்ணை மட்டும் பண்ணு. வேற எதையும் தொடாத."

அந்தக் குழாய் கார்புரேட்டரிலிருந்து டிஸ்டிரிப்யூட்டருக்குப் போகும். அதன் நுனியில் ஒரு தகர டப்பா, அதற்குள் ஒரு ரப்பர்த் தோல். எஞ்சின் லேசான சுமையில் ஓடும்போது கார்புரேட்டரில் உறிஞ்சல் அதிகம்; தோல் இழுபடும்; டிஸ்டிரிப்யூட்டருக்குள் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு சில டிகிரி திரும்பும்; தீப்பொறி கொஞ்சம் முன்கூட்டியே விழும். மேட்டில் அழுத்தி மிதித்தால் உறிஞ்சல் குறையும். தட்டு பழைய இடத்துக்குத் திரும்பும். அதாவது நம் கால் அசையும்போதெல்லாம் அந்தத் தட்டும் அசைகிறது.

குழாயைக் கழற்றி, அதன் வாயில் ஒரு ஸ்க்ரூவைத் திணித்து அடைத்துவிட்டு ஓட்டினேன். வண்டி கொஞ்சம் சோம்பலாக ஓடியது. ஆனால் திக்கவில்லை. ஆறு தடவை ஏறினேன். முள் ஆடாமல் ஏறியது. குழாயைத் திரும்ப மாட்டினேன். இரண்டாவது ஏற்றத்திலேயே திக்கியது.

இனி இரண்டே இரண்டு சாத்தியம். ரப்பர்த் தோல் கிழிந்திருக்க வேண்டும், அல்லது தட்டு திரும்பும்போது அதனோடு திரும்பும் ஏதோ ஒன்று கெட்டிருக்க வேண்டும். தோலைச் சோதிக்க அப்பா ஒரு வழி சொன்னார். "குழாயோட இந்த நுனியை வாயில வெச்சு உறிஞ்சு. உறிஞ்சிட்டு நாக்கால அடைச்சுக்க. தோல் நல்லா இருந்தா குழாய் நாக்குல ஒட்டிக்கிட்டுத் தொங்கும்."

அதைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எட்டோ ஒன்பதோ வயதில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ராத்திரி. அம்பாசிடரின் பானெட் திறந்திருக்கிறது. நான் டார்ச் பிடித்துக்கொண்டிருக்கிறேன். டார்ச் பிடிப்பது என் வேலை. வெளிச்சம் அப்பா கையைவிட்டு நகரக் கூடாது. அன்றைக்கு அவர் உள்ளேயிருந்து ஒரு சின்னக் குழாயை இழுத்து வாயில் வைத்து உறிஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பி நாக்கை நீட்டினார். குழாய் அவர் நாக்கின் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என்னைச் சிரிக்க வைக்கத்தான் அப்படிச் செய்தார் என்று முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா செய்த வேடிக்கைகளில் ஒன்றாக என் மகனுக்குக்கூட நடித்துக் காட்டியிருக்கிறேன். அவர் சோதனை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

என் குழாயும் நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. தோல் நன்றாக இருக்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது தட்டோடு நகரும் ஒயர். காயிலிலிருந்து வரும் மின்சாரம் டிஸ்டிரிப்யூட்டரின் சுவரிலிருந்து உள்ளே பாயிண்டுக்குப் போக இரண்டு அங்குல ஒயர் ஒன்று உண்டு. சுவர் அசையாது, தட்டு அசையும். நடுவில் இந்த ஒயர்தான் தினமும் வளைந்து நிமிர்கிறது. பாயிண்டை மாற்றினேன், கண்டென்சரை மாற்றினேன், இந்த ஒயரைக் கண்டுகொள்ளவே இல்லை. மேலே உறை முழுசாக, கறுப்பாக, நல்லபடியாக இருந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை வேலையில் என் விரல் பட்டு அது கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அந்த இரண்டு வார நிம்மதிக்குக் காரணம் அதுதான். நான் மாற்றிய ஐந்து பொருள்களுக்கும் அதில் பங்கே இல்லை.

வண்டியை அணைத்து, டிஸ்டிரிப்யூட்டர் மூடியையும் உள்ளே சுழலும் ரோட்டாரையும் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை வெளி டெர்மினலிலும் மறுமுனையை பாயிண்டின் ஸ்பிரிங்கிலும் பிடித்தேன். 'பீ' என்று தொடர்ந்து ஒலித்தது. இணைப்பு இருக்கிறது. பிறகு குழாயை உறிஞ்சினேன். தட்டு திரும்பியது. மீட்டர் 'பீ... பீ, பீ... பீ' என்றது. விட்டேன், மறுபடி உறிஞ்சினேன். மறுபடி அதே. ஸ்ட்ரீட்லி மேட்டில் வந்த அதே திக்கல், என் கராஜில், என் வாய்க்குக் கட்டுப்பட்டு நடந்தது.

ஒயரைக் கழற்றி பிளேடால் உறையை நீளவாக்கில் கீறினேன். உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து, எல்லாமே அறுந்திருந்தன.  அறுந்த முனைகள் தட்டு ஒரு பக்கம் இருக்கும்போது ஒன்றையொன்று தொட்டு, மறுபக்கம் போகும்போது விலகிக்கொண்டிருந்தன. ஐம்பத்திரண்டு வருஷம் வளைந்த ஒயர் அது. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

படம் எடுத்து அனுப்பினேன். "எனக்கு மூணு தடவை வந்திருக்கு" என்றார். "வீட்டு ஒயரைப் போட்டுடாத, அது ஒத்தக் கம்பி, ஒரு மாசத்துல ஒடிஞ்சிடும். முடி மாதிரி நூறு இழை இருக்கணும். கொஞ்சம் தொங்கல் விட்டுக் கட்டு. ஆனா ரோட்டார்ல உரசக் கூடாது."

நான் வேலை செய்யும் கருவிப் பராமரிப்புக் கூடத்தில் மீட்டர் முனைகளுக்குப் போடும் சிலிக்கோன் ஒயர் இருக்கும். எத்தனை வளைத்தாலும் நூல்போலத் தொங்கும். நான்கு அங்குலம் கேட்டு வாங்கி வந்தேன். இரண்டு முனையிலும் பற்றவைத்து மாட்டினேன். தட்டைக் கையால் திருப்பி, ஒயர் எங்கும் உரசவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜில் பதினைந்து தௌவுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்குக்கு, வைத்தேன். அப்பாவிடம் கேஜ் கிடையாது, போஸ்ட்கார்டைத்தான் சொருகிப் பார்ப்பார். பாயிண்டைத் தேய்க்க உப்புத்தாள். அவ்வளவுதான் அவர் பெட்டியில் இருந்தது, கூடவே ஒரு பழைய பனியன் துணி.

இந்த இடத்தில், கார்புரேட்டரைப் பிரித்துப்போட்ட அத்தனை வாரங்களையும் நினைத்தால் மனம் இன்னும் உறுத்துகிறது. பணம் போனதுகூட இல்லை. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஒன்றைச் சந்தேகப்பட்டோமே என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில், நவம்பருக்கு அது அதிசயம். கூரையை மடித்து வைத்தேன். மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, போனை டேஷ்போர்டுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னேன். அவனிடம் சொன்னது ஒன்றுதான்: முள்ளைவிட்டு நகரக் கூடாது. சிக்னலில் திரும்பி, இரண்டாவது, மூன்றாவது, மிதித்தேன். முள் ஒரே கோடாக ஏறியது. பாதியில் காலை எடுத்து மறுபடி மிதித்தேன், வேண்டுமென்றே. ஏறியது. மேலே புல்வெளி திறக்கும் இடம்வரை நிற்காமல் ஏறினோம். வீடியோவை அங்கிருந்தே அனுப்பினேன்.

கும்பகோணத்தில் அப்போது சாயங்காலம். ஐந்து நிமிஷம் பதில் இல்லை. பிறகு அவர் குரல், வழக்கம்போல் உரக்க.

"பாத்தேன் பாப்பா, மூணு வாட்டி பாத்தேன். ஆர்.பி.எம். முள்ளு நல்லா ஏறுது. பக்கத்துல சின்ன மீட்டர் ஒண்ணு இருக்கு பாரு, டெம்பரேச்சரு. அது ஏன் இவ்வளவு மேல போயிருக்கு? ரேடியேட்டர்ல தண்ணி பாத்தியா?"

எஞ்சினை அணைத்தேன். அரை மணி நேரம் புல்லில் உட்கார்ந்து காத்திருந்தோம். துணியைப் போட்டு மூடியைத் திறந்தேன். தண்ணீர் இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.